அமெரிக்கக் குதிரையோடு வந்த ஆடு

நானா,

இன்று பேத்தி மேசை இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே கிடந்த பித்தளை மணி கிணுங்கியது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் வருடங்கள் ஆன பிறகும் அந்தச் சத்தத்துக்கு எனக்குப் பயம் விடவில்லை.

எண்பதுகளின் நடுவில், துபாய்க்கு வெளியே, நமக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் குதிரை லாயம். நீங்கள் நாகூரிலிருந்து வந்த சமையல்காரர்; அண்ணன் என்ற முறையில் உங்களை நானா என்று கூப்பிட்டேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்து அங்கே வேலைக்குச் சேர்ந்தவன். அமெரிக்காவிலிருந்து பந்தயக் குதிரை ஒன்று விமானத்தில் வந்தது. அதை விற்றவர்கள் பரம்பரைப் பணக்காரர்கள். தாத்தா பந்தயக் கோப்பைகளாக வென்று குவித்தவர். அப்பா குதிரை வளர்த்தவர். இளைய மகன் போலோ ஆடுவார். மூத்தவர் தானே ஏறி, வேலி தாண்டும் பந்தயங்களில் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டவர். இதையெல்லாம் நம் லாயத்தின் டிரெய்னர் பெருமையாகச் சொன்னார். கூடவே கழுத்தில் மணியோடு ஒரு வெள்ளாடு ஏன் இறங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த நாட்டில் விருந்தாளியோடு ஆடு வந்தால் எதற்கென்று யாரும் கேட்பதில்லை. கயிற்றை நான்தான் உங்கள் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நாம் தங்கியிருந்த கேம்ப் முழுக்கப் பிரியாணி மணத்தது.

மறுநாள் குதிரை தீவனத்தைத் தொடவில்லை. டிரெய்னர் ஓடிவந்து ஆட்டைக் கேட்டார். அந்தக் குடும்பத்து லாயத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் துணையாக ஓர் ஆடு வளருமாம். அது இல்லாவிட்டால் குதிரை சோர்ந்துபோகுமாம். முதல் பந்தயத்தைப் பார்க்க மூத்தவர் நாளைக்கே வருகிறாராம். தேடுகிறோம் என்று சொல்லி டிரெய்னரை அனுப்பினோம். விசா போனால் ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரில் ஷெல்லடியும் சுற்றிவளைப்பும்.

குதிரை என்றாலே பத்தடி தள்ளி நிற்கிறவர் நீங்கள். ஆட்டு மணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அல்லாஹ்வைக் கூப்பிட்டபடி குதிரையின் கொட்டடிக்குள் போய், ஆட்டுக்குப் பதிலாக வைக்கோலில் உட்கார்ந்தீர்கள். உங்கள் உடம்பு நடுங்கியதில் மணி ஓயாமல் அடித்தது. குதிரை வெகுநேரம் உங்கள் தலையை முகர்ந்தது. பிறகு மெல்லத் தீவனத்தில் வாய் வைத்தது.

அடுத்த நாள் மூத்தவரும் கஃபீலும் வந்தார்கள். மணியோடு உட்கார்ந்திருந்த உங்களைக் கண்டதும் அமெரிக்கருக்கு ஆடு என்ன ஆனதென்று விளங்கிவிட்டது. முகம் சிவந்துபோய்த் திரும்பிக்கொண்டார். யார் செய்தது என்று கஃபீல் கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். எழுந்து வந்து என் காலை அழுத்தி மிதித்தீர்கள். தெரிந்த இந்தியில், “நான் மட்டும்தான்” என்றீர்கள். கஃபீல் அரபியில் “கலாஸ்”, முடிந்தது, என்றார். அத்தோடு உங்கள் வேலை முடிந்தது.

விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி ஓட்டினேன்.

“ஏன் நானா இப்பிடிச் செய்தனீங்கள்?”

நீங்கள் மணியைப் பைக்குள்ளிருந்து எடுத்து என் கழுத்தில் மாட்டினீர்கள்.

“எனக்குத் திரும்பிப் போவ ஊரு இருக்கு தம்பி. ஒனக்கு எங்க இருக்கு?”

அன்றிலிருந்து அந்தக் குதிரைக்கு ஆடு நான்தான். அது ஜெயித்தபோதெல்லாம் எல்லோரும் அந்த அமெரிக்கக் குடும்பத்தின் பெயரைச் சொன்னார்கள். நான் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டேன், வாய்க்குள்ளே.

மணி கிணுங்கினால் இன்றைக்கும் முதலில் பயம்தான் வருகிறது, நானா. அதன் பின்னாலேயே நீங்கள் வந்து என் காலை மிதிக்கிறீர்கள்.