ஜாடியில் முந்நூறு

மார்ச் 4
இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யார் மன்னிக்க? இந்த நோட்டுதான். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள்.

இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். சின்ன ஆபரேஷன்தானாம். வார்டில் ஒருமுறை சிறுநீர் போனதும் அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றைக் கொடுத்தார். "ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதி வைங்க. முந்நூறு மில்லி வந்தா கவலையில்ல. சரியா போகலேன்னா உடனே வாங்க, சிறுநீர் இறங்க டியூப் போடணும்."

டியூப் என்றதும் இவர் சுவரைப் பார்த்தார்.

மார்ச் 5
அத்தை நெருஞ்சி முள் வாங்கிவந்து கஷாயம் வைத்துவிட்டார்.

"நாலு டம்ளர் உள்ள போனா தானா வெளிய வரும்டா."

"கசக்குதும்மா."

"பொண்டாட்டி போடுற காபி மட்டும் இனிக்குதாக்கும்!"

கெமிஸ்ட்ரி படித்த நானும் டம்ளரைக் கழுவி நீட்டினேன்.

காலை 300. மதியம் 300. மாலை 300. அத்தை முகத்தில் வெற்றி. 'பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிற கை, அளவு தப்பாது' என்று கிண்டல் செய்தேன். இவர் சிரிக்கவில்லை.

மார்ச் 6, காலை
பாப்பா, ஆறு ஈரத்துணி. இவர், 300. உட்காராமல் நின்றுகொண்டே இருக்கிறார். தையல் இழுக்கிறதாம்.

மதியம்
ஜாடியைக் கொட்டப் போனேன். சில்லென்று இருந்தது. இப்போதுதானே பாத்ரூமிலிருந்து வெளியே வந்தார்? பாப்பா நனைத்தால் என் மடி சுடும். இதில் சூடு இல்லை, நிறம் இல்லை, வாடை இல்லை — குழாய்த் தண்ணி!

"சொட்டுச் சொட்டாத்தான் வருது. சொன்னா டியூப் போட்டுருவாங்க... அம்மா வேற ஆசையா காய்ச்சித் தர்றாங்க" என்றார் இவர்.

இவருக்கு அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது. வழி அடைத்துக் கிடக்க, மேலே ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம். நானும் முந்நூறு முந்நூறுன்னு எழுதிக்கிட்டு... எவனுக்காவது மூணு வேளையும் முந்நூறே வருமா? என்னத்தப் படிச்சேன் நான்?

ஆட்டோ வந்துவிட்டது.

மார்ச் 7
டியூப் போட்டார்கள். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. டாக்டர் அத்தையிடம், "கஷாயத்தைக் குறை சொல்லலம்மா. கதவு பூட்டிக் கிடக்கறப்ப உள்ள இன்னும் ஆள அடைச்சா என்னாகும்?" என்றார். அத்தை வீட்டுக்கு வந்து, மிச்ச முள்ளைப் பொட்டலம் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

மார்ச் 10
காலையில் டியூபை எடுத்துவிட்டார்கள். அத்தை எதிரில் கேட்டால் இவர் 'நல்லா போச்சு' என்றுதான் சொல்வார். அதனால் இந்த நோட்டையே பாத்ரூம் ஜன்னலில், ஜாடிக்குப் பக்கத்தில் பேனாவோடு வைத்தேன். முன்பக்கங்களைப் படித்தால் படிக்கட்டும்.

மதியம் போய்ப் பார்த்தேன். கீழே இவர் கையெழுத்து:

*140. கொஞ்சம் எரியுது.*

ஜாடியைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

இது உங்களுக்கு. குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, முழு நூறாக மட்டும் வேண்டாம். அடுத்தது எவ்வளவு? சீக்கிரம் எழுதுங்கள்.