படுதாவுக்குப் பின்னால் என் கணவர்

6-2-1957

பொட்டு வைக்க இன்றும் தண்ணீர்க் குடத்துக்குள்தான் முகம் பார்த்தேன். இந்த வீட்டில் கண்ணாடி கிடையாது. தீயில் என் வீட்டுக்காரர் முகம் வெந்த பிறகு, இருந்த ஒன்றையும் என் ஆத்தா எடுத்துக்கொண்டு போய்விட்டது. மேடையில் மகாராணி, வீட்டில் குடத்துக்குள் குனிந்து நிற்கிறேன். நல்ல பிழைப்பு!

புதுக்கோட்டை சமஸ்தானம் போன பிறகு பூட்டிக் கிடந்த ஓர் அதிகாரி வீட்டின் பின்கட்டு இது. ஜன்னல்களுக்கெல்லாம் நாடகக் கம்பெனியில் கழித்த பழைய சீன் படுதாக்களை அடித்து வைத்திருக்கிறார். சமையல்கட்டில் நந்தவனம், படுக்கிற அறையில் சுடுகாடு. மாற்றச் சொன்னால், "சுடுகாடுதான் கனமா இருக்கு, வெளிச்சம் வராது" என்கிறார்.

சாயங்காலம் நாடகக் காண்ட்ராக்டர் ஹாஜா முகைதீன் ராவுத்தர் வந்தார். திருச்சியில் ஏதோ இங்கிலீஷ் படம் பார்த்தாராம். தீயில் முகம் கெட்ட சங்கீத மேதை ஒருவன் மாளிகைக்கு அடியில் ஒளிந்திருந்து, ஒரு பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போகிறானாம். "இதை நாடகமாப் போட்டா கூட்டம் அள்ளும் வாத்தியாரே!" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும், பேச்சு நின்றுவிட்டது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின மாதிரி ஆயிற்றே என்று எனக்குப் பதறியது. அவர் கோபப்படவில்லை.

"முழுக் கதையும் சொல்லுங்க" என்றார்.

11-2-1957

ஆர்மோனியப் பெட்டியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சோறு இரண்டு வேளையும் ஆறியது. பாதாள அறையில் அவன் பாடுகிற பாட்டுக்கு மெட்டுக் கட்டினார். அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டேன். ஈயச் சட்டியில் ரசம் பொங்கி வழிந்தது தெரியவில்லை. இந்த மனுஷனுக்கு இந்த ஜில்லாவில் ஈடு கிடையாது. அதுதான் என் கஷ்டமும்.

17-2-1957

கதையின் முடிவை மாற்றிவிட்டார். ராவுத்தர் சொன்ன கதையில் அவன் மனம் இரங்கிக் கதவைத் திறந்துவிடுகிறான், அவள் போய்விடுகிறாள். இவர் எழுதியதில் கதவு திறக்கிறது, அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து "நான் போகமாட்டேன்" என்கிறாள். அதோடு மங்களம்.

"படத்துல அவ போயிடுறாளே வாத்தியாரே?"

"நம்ம ஊருப் பொண்ணு போகமாட்டா" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

25-2-1957

ஒத்திகை. முகமூடி போட்டு அந்த மேதையாக நடிப்பது ராஜபார்ட் ரெங்கராஜ். ஆள் பார்க்க லட்சணம், தொண்டைதான் தகரம். அதனால் பாட்டெல்லாம் இவர் குரல். மற்ற நாடகங்களில் ஆர்மோனியம் வாசிக்கிற பெட்டிக்காரர் மேடை ஓரத்தில் சனங்கள் பார்க்க உட்கார்ந்திருப்பார், மாலை போடுவார்கள். இவரைச் சுற்றிக் கறுப்புப் படுதா கட்டி இருக்கிறது. மாலை ரெங்கராஜுக்கு விழுகிறது.

4-3-1957

எலெக்‌ஷனுக்கு மைக் செட்டெல்லாம் போய்விட்டதால் நாடகம் இல்லை. ராவுத்தர் வந்தார்.

"சித்திரை முடிய அறந்தாங்கிப் பக்கம் வரிசையா நாடகம் இருக்கு வாத்தியாரே. நம்ம தங்கச்சிய மட்டும் பாடக் கேக்குறாங்க. பெட்டிக்கு அங்கிட்டு ஆளு இருக்கு."

"என் பெட்டி இல்லாம இவ பாடமாட்டா."

நான் அடுத்த அறையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம். யாரும் கூப்பிடவில்லை.

5-3-1957

பாடமாட்டேனா?

10-3-1957

திருமயத்துக்குப் போய் ஆத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நாள் தனியாக நாடகத்துக்குப் போய்வருகிறேன், எனக்கு மூச்சு முட்டுகிறது என்று. ஆத்தா உலக்கையைக் கீழே போட்டுவிட்டது.

"ஒன்னயக் காப்பாத்தப் போயித்தானடி அந்த மனுசன் மூஞ்சி வெந்து கெடக்கான்? அவன இருட்டுல ஒக்கார வச்சுட்டு நீ போயி ஆடுறேன்னா ஊரு காறித் துப்பும். தங்கச்சிகள எவன் கட்டுவான்?"

பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

அது அப்படி நடக்கல. எழுதித்தான் ஆகணும், இல்லாட்டிப் பைத்தியம் பிடிச்சுரும். பெட்ரோமாக்ஸ் வெடிச்சுக் கொட்டகை பத்திக்கிட்டப்ப நான் வெளியில நின்னேன். அவரும் வெளியிலதான் நின்னாரு. அவரு கையப் பிடிச்சுக்கிட்டு நின்னது நானு. "பெட்டி உள்ள இருக்கு"ன்னு என் கைய உதறிட்டு ஓடினாரு.

பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் யாரோ, "பொண்டாட்டியக் காப்பாத்தப் போனாராம்" என்றார்கள். அவர் மறுக்கவில்லை. முகம் முழுக்கக் கட்டுப் போட்டுக் கிடக்கிறவரை வைத்துக்கொண்டு நான் எப்படி மறுப்பேன்? இந்த நேரத்துக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அந்த நேரம் இன்னும் முடியவில்லை.

அவர் வெந்தது பெட்டிக்காக. கட்டுப்பட்டுக் கிடப்பது நான்.

24-3-1957

நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. கடைசிக் காட்சிக்கு முன்னால் வருகிற தர்க்கத்துக்குத்தான் அதிகக் கைதட்டல். தர்க்கத்துக்கு எழுதிய வசனம் கிடையாது. அவன் என்னைக் கேட்பான், நான் அவனைக் கேட்பேன். எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மேடையில் கேட்டதற்கு மேடையிலேயே பதில் வர வேண்டும், திணறினால் விசில் பறக்கும். நேற்று ரெங்கராஜ், "பூவில் சிறந்த பூ எது?" என்றார். "வாழைப்பூ, வடை சுடலாமே" என்றேன். கொட்டகை அதிர்ந்தது.

அப்புறம் கதவு திறந்தது. "நான் போகமாட்டேன்" என்றேன். முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி உள்ளே வந்து, "நீதான் தாயி பொம்பள" என்று என் காலைத் தொட்டாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்?

2-4-1957

மறுபடியும் "நான் போகமாட்டேன்."

6-4-1957

மறுபடியும். இப்போதெல்லாம் தூக்கத்திலும் சொல்கிறேனாம். அவர்தான் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார்.

10-4-1957

ரெங்கராஜுக்கு அம்மை போட்டுவிட்டது. நாளைக்கு ஆலங்குடியில் அம்மன் திருவிழா நாடகம். ராவுத்தர் தலையில் கையை வைத்துக்கொண்டு வந்தார். "பாட்டு ஒங்களது, வசனம் ஒங்களது. முகமூடி வேற இருக்கு. நீங்களே நின்னுடுங்க வாத்தியாரே, யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் முகமூடியை எடுத்து உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

12-4-1957

நேற்று ராத்திரி நடந்ததை எழுதுகிறேன்.

பெட்டிக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை உட்கார வைத்தார்கள். இவர் மேடைக்கு வந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவர் கண்ணை நேருக்கு நேர் பார்த்து எவ்வளவு காலம்! என்னமாய் நடித்தார்! ரெங்கராஜெல்லாம் தூசி. எனக்கே ஒரு நிமிஷம் பழைய ஆசை வந்தது.

தர்க்கம் தொடங்கியது.

"பெண்ணே, இந்தப் பாதாளத்தில் உனக்கு என்ன குறை வைத்தேன்?"

"முகம் பார்க்கக் கண்ணாடி இல்லையே ஐயா!"

சனங்கள் சிரித்தார்கள். அவர் தோள் லேசாக இறங்கியது. அடுத்து என் முறை. கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்து வரவில்லை, சத்தியமாக இல்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அன்று தீப்பிடித்தபோது எதற்காக உள்ளே போனீர்?"

நாடகத்துக்குப் பொருந்துகிற கேள்விதான். மழுப்பியிருக்கலாம். விதியைப் பற்றி ஒரு விருத்தம் எடுத்துவிட்டிருந்தால் கைதட்டலே விழுந்திருக்கும். அவர் நின்றார். பின்னாலிருந்து முதல் விசில் கிளம்பியது. அப்போது நாடகத் தமிழில் இல்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"ஒனக்காக இல்ல செவந்தி. பெட்டிக்காகத்தான் போனேன்."

என் பேரைச் சொல்லிவிட்டார். நாடகத்தில் என் பேர் சித்ரகலா, அவன் வாசிப்பதோ வீணை. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவரே முகமூடியைக் கழற்றினார். ஐயோ, அந்த முகத்தை இத்தனை பேர் நடுவில்! நான் ஓடிப்போய் முந்தானையால் மூடப் பார்த்தேன். அதற்குள் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. "யப்பா, என்னா மேக்கப்புடா!"

அவர் சிரித்துவிட்டார்.

கதவு திறந்தது. வாசல்வரை போய்த் திரும்பி நின்றேன். ஒரே ஒரு வசனம்தான் பாக்கி, நாக்கு எழவில்லை. அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். நான் சொல்வதற்கு முன்னால் மங்களம் பாடத் தொடங்கிவிட்டார். பெட்டிக்காரர் பதறிப்போய் மெட்டை எட்டிப் பிடித்தார். ஓரத்தில் ராவுத்தர் கையைக் கையை ஆட்டினார். மங்களம் விழுந்தால் நாடகம் முடிந்தது, அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது. அந்தப் பெண் போனாளா இருந்தாளா என்று தெரியாமலே ஆலங்குடிச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

13-4-1957

நாடகம் பார்க்க வந்திருந்த ஆத்தா எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் தூங்கியதும் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனது.

"பெட்டிக்காகவாடி போனான்?"

"ஆமாத்தா."

"இத்தன நாளு ஏன்டி சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

யோசித்தது. "மாட்டேன்" என்றது.

16-4-1957

இன்றுதான் பேசினார். சுடுகாட்டுப் படுதாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அறந்தாங்கிக்கு நீ வாரேன்னு ராவுத்தர்கிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "என்னையக் கேக்காமயா?"

திடுக்கிட்டுப் பார்த்தார். இப்படி நான் கேட்டதே இல்லை.

"சரி, கேக்குறேன். போறியா?"

"போறேன்."

"திரும்பி வருவியா?"

வருவேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. "தெரியலைங்க" என்றேன். அவர் பெட்டியில் விரல்களை வைத்தார். துருத்தியை அசைக்கவில்லை, சத்தம் வரவில்லை. வெகுநேரம் அப்படியே வாசித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டிப்படுக்கையைக் கட்டினேன்.

20-4-1957, அறந்தாங்கி

நேற்று முதல் நாடகம். இங்கே பெட்டிக்காரர் சவரியப்பன் அண்ணன். மேடை ஓரத்தில் எல்லாரும் பார்க்க, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே நுழைவதற்கு முன்னால் கூப்பிட்டுக் கேட்டார்.

"சுருதி எத்தனை கட்டைம்மா வைக்கட்டும்?"

நான் விழித்தேன். தாலி கட்டிய நாள் முதல் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வீட்டுக்காரர் ஐந்தரைக் கட்டையில் உயரப் பிடிப்பார், கடைசி வரிசைக்குக் குத்திக் கேட்கும் என்பார், நான் பாடுவேன். விடியும்போது தொண்டையில் ரத்தம் கசியும். எத்தனை கட்டை என்று எனக்கே தெரியவில்லை. சொல்லவே வெட்கமாக இருந்தது.

"அவசரமில்லம்மா, பாடிப் பாத்துச் சொல்லுங்க" என்றார் அண்ணன்.

மெல்லப் பாடிப் பார்த்தேன். ஐந்தில் இழுத்தது. நாலரையில் குரல் உட்கார்ந்தது. இது யார் குரல் என்று இருந்தது. நடுவில் ஒரு தடவை பழக்கதோஷத்தில் ஓரத்துப் படுதாவைத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியது, அதை மறைப்பானேன்.

விடிந்த பிறகும் தொண்டை கட்டவில்லை. புதுக்கோட்டைக்கு என்றைக்கு டிக்கெட் போடட்டும் என்று ராவுத்தர் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.