அல்வாக் கதையின் மிச்சம்

நெய்வேலி
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் சாதியாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அத்தா, நான், உன் தம்பி ரைஹான், குவார்ட்டர்ஸ் கொல்லையில் காய்க்காமல் அடம்பிடிக்கும் பலாமரம் உட்பட எல்லாரும் சுகம். அந்த ஊர்க் குளிரில் நீ சுகமா, குல்லாய் போட்டால் முடி படிந்துவிடும் என்று வெறுந்தலையோடு அலைகிறாயா என்பதை அறிய ஆவல். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். பக்கத்து வீட்டுப் புவனா மகன் விஷ்ணு நாளை ஜெர்மனிக்குப் புறப்படுகிறான், அவனிடம் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பண்ருட்டி முந்திரியும் கொடுத்தனுப்புகிறேன், முந்திரி டப்பாவுக்குள் இதை மடித்து வைத்திருக்கிறேன். போனில் உன் முகத்தைப் பார்த்தால் உடனே உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிடும். தாளுக்கு முகம் கிடையாது. இந்த விஷயத்தைத் தாளிடம்தான் சொல்ல முடியும்.

முதலில் வீட்டுச் சேதி. அத்தாவுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட், எனக்கு காலை டூட்டி, அவர் மைன்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் சாவி மாற்றிக்கொள்கிறோம், எங்கள் தாம்பத்தியம் இத்தனை வருஷம் சண்டையில்லாமல் ஓடியதற்கு இந்த ஷிஃப்ட்தான் காரணம் என்று நான் எல்லாரிடமும் சொல்லுவேன். ரைஹான் மீசை வளர்க்கிறான், வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்றால் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் என்னோடு நர்ஸாக வேலை பார்க்கும் சுப்புலட்சுமி போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அருமையான நரம்பு, ஒரே குத்தில் ஏறும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், அந்த மனிதர் தன் ஊர் வருவதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டாராம். எங்கள் வேலை அப்படி, கழுத்துச் சங்கிலியைப் பார்க்க வேண்டிய இடத்தில் கழுத்து வீங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், சொல்ல வந்ததைத் தள்ளிப்போடத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், உனக்குத் தெரியாதா என்ன.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஓர் அல்வாக் கதை சொன்னேன் அல்லவா. கல்யாண நாள் என்று அத்தா எங்களை மந்தாரக்குப்பத்தில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடைக்கு அழைத்துப்போனதும், நம் வீட்டு தம் பிரியாணி தின்று வளர்ந்த குடும்பம் அங்கே போய்த் தண்ணீராக ஓடிய தால்ச்சாவில் பருப்பைத் தேடியதும், பக்கத்து மேஜையில் மைன்ஸ் கான்ட்ராக்ட் ஆட்களோடு ராஜாங்கம் உட்கார்ந்திருந்ததும். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர், எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரைக்காக வருகிறவர், இன்சுலின் போடுகிறவர் என்று சொன்னேனே, அவர்தான். அவர் தட்டில் நெய் மினுக்கும் பிரெட் அல்வா. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முழுத்துண்டையும் ஒரே வாயில் தள்ளினார். நான் சும்மா இருப்பேனா. என் நாற்காலியிலிருந்தே, என்ன ராஜாங்கம் அண்ணே, காலையில் ஊசி மத்தியானம் அல்வா, ரெண்டும் உள்ளே போய்ப் பஞ்சாயத்து பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். இரண்டு மேஜையும் சிரித்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் உப்பி அவர் முழித்ததை உனக்கு நடித்துக் காட்டினேன். நீ கட்டிலில் சாய்ந்து சிரித்தாய், உன் ரூமில் இருக்கும் மலையாளப் பெண்ணுக்கு மொழிபெயர்த்தும் சொன்னாய், அவளும் சிரித்தாள். அங்கேயே கதையை முடித்துவிட்டேன். அது முடிவில்லை.

சிரித்தவர்களில் செல்வகுமார் என்று அவர்களுடைய கான்ட்ராக்ட் சூப்பர்வைசரும் இருந்தார். பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அவர்தான் தன் ஆட்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருந்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, என்ன ஊசி சிஸ்டர் என்று கேட்டார். அவர் தோளுக்குப் பின்னால் ராஜாங்கம் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அதை நான் பார்க்கவில்லை என்று உனக்கு எழுதிவிடலாம், நீயும் நம்புவாய். பார்த்தேன் சாதியா. பார்த்தும், இரண்டு மேஜைச் சிரிப்பு காதில் இருக்கும்போது எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. இன்சுலின்தான், ரெண்டு வருஷமாகப் போடுகிறார், ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஷிஃப்டுக்குக் கிளம்பி, ரோட்டில் மயங்கி, ஷேர் ஆட்டோவில் நெல் மூட்டை மாதிரி வந்து இறங்கினார் என்று சொல்லி, மூட்டை சரிவதையும் நாற்காலியில் சரிந்து காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். செல்வகுமார் மட்டும் சிரிக்கவில்லை. உனக்குச் சொன்னபோது அந்தத் தலையாட்டலைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன் என்றால் அது அங்கே இருந்தது எனக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்.

டவுன்ஷிப்பில் தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, வடலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு அந்த மனிதர் ஏன் வந்தார் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். இது நம்மளோட இருக்கட்டும் சிஸ்டர், தெரிஞ்சா பெல்ட்டாண்ட வுட மாட்டாங்க, வூட்டுக்கு அனுப்பிடுவாங்க என்று என்னிடம்தான் சொன்னார். நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டைச் சுத்தம் செய்கிற வேலை அவருக்கு. பர்மனென்ட் ஆட்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு இருக்கிறது, கான்ட்ராக்ட் ஆளுக்கு வீடுதான் இருக்கிறது. நான் அன்றைக்கு, என் வாய் பூட்டுப் போட்ட பீரோ அண்ணே என்று சொன்னேன். அதற்கும் அவர் சிரித்தார். திங்கட்கிழமை காலை அவரை மைன்ஸ் கேட்டில் நிறுத்தி, டாக்டரிடம் ஃபிட் சர்டிஃபிகேட் வாங்கி வந்தால்தான் உள்ளே என்று பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

அவர் மனைவி திலகவதி அன்று மத்தியானமே, என் டூட்டி முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நான் டிரெஸ்ஸிங் ரூமில் போய் நின்றுகொண்டேன், உன் அம்மாவின் வீரம் அவ்வளவுதான். அவள் சுப்புலட்சுமியிடம் சர்டிஃபிகேட்டுக்கு என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, கூடவே ஒன்று சொன்னாள். இனிப்பென்றாலே அவர் தொடமாட்டாராம். சூப்பர்வைசர் தன் கையால் தட்டில் வைத்த அல்வா, வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அந்த ஏன் வந்துவிடக் கூடாது என்றுதான் ஒரே வாயில் விழுங்கினாராம். திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். நான் நாக்கு ருசிக்காகத் திருடித் தின்கிறார் என்று உலகத்துக்கு அறிவித்தேனே, அந்த மனிதர் அங்கே அல்வாவா தின்றுகொண்டிருந்தார்.

அத்தா என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. நடந்தது நல்லதுக்குத்தான் ஷம்சாத், அந்த பெல்ட் பக்கத்தில் மயங்கி விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் நான் ராஜாங்கத்தின் உயிருக்காகச் சொல்லவில்லை, சிரிப்புக்காகச் சொன்னேன். உயிருக்காகச் சொல்வதென்றால் டூட்டி ரூமில் உட்கார வைத்து, பெல்ட்டை விட்டுக் கீழே தரையில் பகல் வேலையாகக் கேளுங்கள் அண்ணே, டாக்டரிடம் நான் பேசுகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் இருந்தது. புதன்கிழமை காலை நான் லீவு போட்டுவிட்டு, அத்தாவும் நானும் செல்வகுமாரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தோம். கெட்டவர் இல்லை, குழந்தையைத் தூக்கி வந்து காட்டினார். நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரியாது சிஸ்டர், தெரிஞ்சப்புறம் நான் எப்படிக் கண்ண மூடிகினு இருக்கறது என்று மட்டும் கேட்டார். சர்டிஃபிகேட் வந்தால் கீழே தரையில் பகல் ஷிஃப்டில் போட முடியுமா என்று கான்ட்ராக்டரிடம் கேட்கிறேன் என்றார், கேட்கிறேன் என்றுதான் சொன்னார், போடுகிறேன் என்று சொல்லவில்லை.

நேற்று ராஜாங்கம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வந்தார். சுப்புலட்சுமி லீவு, நான்தான் எடுக்க வேண்டும். நான் ஊசி போடும் முறை உனக்குத் தெரியும், ஏதாவது ஊர்வம்பை ஆரம்பித்து, அதன் நடுவில் குத்தி, அது முடியும்போது பஞ்சு வைத்துவிடுவேன், ஷம்சாத் சிஸ்டர் கையில் வலிக்காது என்று பெயர் வாங்கியதெல்லாம் அந்த வாயால்தான். நேற்று கையில் பட்டை கட்டினேன், நரம்பு தேடினேன், வாய் திறக்கவில்லை. குத்தியதும் வெடுக்கென்று கையை இழுத்தார். இத்தனை நாளில் அவர் இழுத்ததே இல்லை. எதனா பேசிகினே குத்துங்க சிஸ்டர், வலிக்குது என்றார். எனக்கு ஒரு வம்பும் ஞாபகத்துக்கு வரவில்லை. மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன். அவர் குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை அழுத்திக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, அந்த அல்வா கூட நல்லா இல்ல சிஸ்டர், ஒரே டால்டா என்றார். நான் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை சாதியா, அவர் போன பிறகும் அந்த ரத்தக் குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், அவர் சூடு அதில் இருந்தது.

திங்கட்கிழமை ரிசல்ட் வரும். மூன்று மாத சர்க்கரை அளவு அதில் தெரிந்துவிடும், அதைப் பார்த்துத்தான் டாக்டர் எழுதுவார். தொழுகையில் அவருக்காக ஒரு துஆ செய். எனக்காக வேண்டாம், இப்போதைக்கு அவருக்கு மட்டும் கேள். அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், கேட்டதை வயிற்றோடு வைத்துக்கொள்ளும் குணத்தையும் கொடுக்கட்டும், அது உன் அத்தா வழியில் வரவேண்டும், என் வழியில் வராது. குல்லாய் போடு. முந்திரியை அந்த மலையாளப் பெண்ணுக்கும் கொடு, கொடுக்கும்போது அவளுக்குக் கதையின் மிச்சத்தையும் மொழிபெயர்த்துச் சொல்லிவிடு. யாரெல்லாம் சிரித்தார்களோ அவர்கள் எல்லாரிடமும் இது போய்ச் சேர வேண்டும். கடையில் சிரித்தவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பீரோவின் பூட்டைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும்
உன் அம்மா ஷம்சாத்