அம்மாவின் கீறு

லாசால், மொன்றியல்
12 ஜனவரி 2025

அன்புள்ள மகள் றோசலினுக்கு,

கிறகரி மாமா சொல்ல, மருமகள் லோஜினி எழுதுகிறாள். நீயும் பிள்ளைகளும் நோர்வேயில், பேர்கனில் சுகமென்று உன் நத்தார் வாழ்த்து மட்டை சொன்னது. சந்தோசம். பதில் போட மூன்று கிழமை ஆனது என் பிழையல்ல; எழுதுகிறவளுக்கு நேரமில்லை. (எனக்கு வேலையும் இருக்கிறது, அக்கா. – லோ.)

பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். என் அம்மாவின் தகப்பன் நோர்வேக்காரர் என்று திருகோணமலையில் எங்கள் தெருவுக்கே தெரியும். பெயர் அந்திரேயாஸ். கப்பலில் வந்தவர், காய்ச்சலோடு கரையிறங்கி, அம்மம்மாவைக் கட்டித் தங்கிவிட்டார். 1916 ஆவணி, ஒரு சனிக்கிழமை காலை, "அக்கா மார்த்தாவைப் பார்த்திட்டு அடுத்த வருச மழைக்கு முந்தி வந்திடுவன்" என்று எட்டு வயது அம்மாவிடம் சொல்லிக் கப்பலேறினார். வரவில்லை. "கப்பல்காரன் விட்டிட்டுப் போன பிள்ளை" என்று அம்மாவைக் கிழவியாகும்வரை சொன்னார்கள். "ஊருக்குப் போய் எங்களை மறந்திட்டாரோடா?" என்று என்னிடம் கேட்டுத்தான் அவ கண்ணை மூடினா. எனக்கு எண்பத்தெட்டு நடக்கிறது. அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் தோணிக்கொட்டில். அவர் வீட்டைப் பற்றி அம்மா சொன்னது இவ்வளவுதான்.

கீழே, எழுதத் தெரியாத என் கையெழுத்து. நிமிர்ந்த கோடு, தலையில் கூரை, இடது காலடியில் சின்னக் கீறு. அம்மா கடற்கரை மணலில் பழக்கியது. கனடாக் குடியுரிமைத் தாளிலும் இதைத்தான் போட்டேன். சின்னனில் நீ "மாமா வீடு கீறுறார்" என்று சிரிப்பாய்.

கிறகரி மாமா


பேர்கன்
9 பெப்ரவரி 2025

அன்பான மாமா,

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் லீவு எடுத்து, பழைய பதிவுகள் வைத்திருக்கும் இடத்துக்குப் போனேன். அந்திரேயாஸ் என்ற பெயரில் கப்பலேறினவர்கள் நூற்றுக்கணக்கில். அங்கே இருந்தவர் கையை விரித்துவிட்டார். நான் உங்கள் கடிதத்தை மடிக்கும்போது, "கொஞ்சம் பொறுங்கோ, இதை ஆர் போட்டது?" என்று அடியில் இருந்த கையெழுத்தைத் தொட்டார்.

மாமா, அது வீட்டு அடையாளமாம். முந்தி இங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் ஒன்று இருந்ததாம். துடுப்பிலும் தோணியிலும் வெட்டுவார்கள், எழுதத் தெரியாதவர்கள் தாளிலும் போடுவார்கள். ஒரு மணித்தியாலத்தில் பழைய பக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். கோடும் கூரையும். பிள்ளைகள்: மார்த்தா, அந்திரேயாஸ்.

ஆனால் அதில் காலடிக் கீறு இல்லை. வேறு குடும்பமாகவும் இருக்கலாம் என்கிறார். கோபிக்காதேயுங்கோ, உங்களுக்கு நினைவு பிசகியிருக்குமோ?

அன்புடன்,
றோசலின்


லாசால்
2 மார்ச் 2025

மகள் றோசலினுக்கு,

கோபிக்கவில்லை. ஆனால் நினைவு பிசகவில்லை. உன் முதல் பல் விழுந்தது எந்தக் கிணற்றடியில் என்று கேள், சொல்கிறேன்.

அம்மப்பா விட்டுப்போன துடுப்பில் கீறு இல்லை. அம்மாவின் மரப்பெட்டியில் இருந்தது. நான் பெட்டியைப் பார்த்துப் பழகினேன். ஏன் இரண்டும் வேறு என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதுதான் என் பிழை.

மகன் றொக்சன் சொல்கிறான், "அப்பா, இப்ப துப்பிச் சோதனைக்கு அனுப்பினாச் சொந்தம் தெரியும்" என்று. எங்கள் வீட்டில் துப்பினால் சொந்தம் முறியும் என்றேன்.

அந்தப் பண்ணைக்கு ஒருக்காப் போய்வா, பிள்ளை. இங்கே ஆற்றில் பனி உடையத் தொடங்கிவிட்டது. நான் தினமும் கரைவரை போய்ப் பார்க்கிறேன்.

கிறகரி மாமா


பேர்கன்
21 ஏப்ரல் 2025

அன்பான மாமா,

லோஜினி, இதை மெதுவாக வாசி.

போனேன். பின்னால் மலை, முன்னால் கடல், தோணிக்கொட்டில். மார்த்தாவின் மகளுடைய மகள் அங்கே இருக்கிறா. இங்கிரிட், வயது எண்பது. உங்கள் கடிதத்தின் அடியைக் காட்டினேன். எழும்பிப் போய், குசினிச் சுவரிலிருந்து ஒரு கையகலப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தா. கோடு, கூரை, இடது காலடியில் கீறு. அடியில் 1908.

அது உங்கள் அம்மா பிறந்த வருடமல்லவா, மாமா?

இங்கே பண்ணைக்கு உரிய மகன் தகப்பனின் அடையாளத்தை அப்படியே வைத்துக்கொள்வானாம்; மற்றப் பிள்ளை பிறந்தால் அதில் ஒரு கீறு கூட்டிக் கொடுப்பார்களாம். அவருக்கு எழுதத் தெரியாது. தனக்கொரு பிள்ளை பிறந்திருக்கு என்று பலகையில் வெட்டி அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். மூன்று கப்பல் மாறி வந்ததாம். கடைசியில் கொண்டுவந்தவருக்குப் பிள்ளை எந்த ஊரில் என்று தெரியாது. "அம்மம்மா நத்தாருக்கு நத்தார் அந்தப் பலகைக்கு முன்னாலையும் ஒரு கோப்பை வைப்பா" என்றா இங்கிரிட்.

கோயில் புத்தகத்தையும் பார்த்தேன். 1917 ஜனவரியில், ஊருக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவர் வந்த கப்பலைச் சண்டையில் மூழ்கடித்துவிட்டார்கள். அவர் மறக்கவில்லை, மாமா. ஊருக்கு வந்து சேரவேயில்லை.

இங்கிரிட் ஒன்று கேட்கிறா: அது தாயின் கீறு என்றால், உங்களுடையது எது?

றோசலின்


லாசால்
11 மே 2025

என்ர மகள் றோசலினுக்கு,

மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் தரம் வாசிக்க முடியாமல் அழுதது லோஜினிதான். (பொய். – லோ.)

போன ஞாயிறு பூசை ஒப்புக்கொடுத்தோம். அந்திரேயாஸ், அவர் மகள் செலஸ்ரீனா என்று சுவாமியார் இரண்டு பெயரையும் ஒன்றாகச் சொன்னார். அம்மாவின் பெயர் தகப்பன் பெயரோடு கோயிலில் கேட்டது, அவ ஞானஸ்நானத்துக்குப் பிறகு அன்றுதான்.

இங்கிரிட்டுக்குச் சொல்: நான் முறை பார்த்துவிட்டேன், அவ எனக்கு மச்சாள். ஆடியில் வரச்சொல், விமானநிலையத்துக்கு நானே போவேன். எண்பத்தெட்டு வயதில் மச்சாள் கிடைத்ததற்கு றொக்சன் என்னைப் பகிடி பண்ணுகிறான். இன்னொன்றும் சொல்கிறான்: "கலியாணத் தாளிலயும் கனடாத் தாளிலயும் அப்பம்மாட கையெழுத்தையெல்லே போட்டிருக்கிறீங்கள். இது கள்ளக் கையெழுத்து, அப்பா." அம்மா ஒன்றும் சொல்லமாட்டா. எனக்காக எத்தனையோ பொறுத்தவ.

இந்தத் தாளை மச்சாளிடம் கொடு. பலகைக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். கோடும் கூரையும் அம்மப்பாவினது. இடது காலடியில் அம்மா. வலது காலடியில் இன்று காலை நான் போட்டது. கை நடுங்கவில்லை, லோஜினி சாட்சி.

கிறகரி

(சாட்சி. என்ர மனுசன் றொக்சன் ஒரு பென்சிலோடு இருந்து, தன்னுடையதை எங்கே கீறுவது என்று யோசிக்கிறார். – லோ.)