நாற்பத்தொன்றாவது நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இன்று அறுபது குழாய்களுக்குப் பெயர் ஒட்டினேன். ஒன்றில்கூடத் தப்பில்லை. வீட்டுக்கு வந்து டீயில் உப்பைப் போட்டேன்.

டிவிக்குக் கீழே இருக்கும் குட்டியின் பெட்டி ‘டக் டக்’ என்கிறது. பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து அவளே செய்த சர்வர். வீட்டில் இருக்கும் படம், பாட்டு எல்லாம் அதிலிருந்துதான் டிவிக்கு வரும். இவர் லிப்ட் மெக்கானிக். குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

“ரொம்ப நாள் தாங்காது. எல்லாத்தையும் வேற எதுலயாவது மாத்திடலாம்.”

ஏதோ லிப்டைப் பற்றிச் சொல்வது மாதிரி. மகள் செய்த பெட்டி, அவள் கண்ணை மூடி ஏழு மாதம்தான் ஆகிறது. கல்நெஞ்சு!

மார்ச் 6, வியாழன்

தங்கை போனில்: “கிளவுட்ல போட்டுடுக்கா. வீடே எரிஞ்சாலும் பத்திரமா இருக்கும்.” வீடு எரிந்த பிறகு உட்கார்ந்து படமா பார்ப்பேன்? தவிர, எங்கள் இன்டர்நெட் நகரும் வேகத்துக்கு ஏற்றி முடிக்கவே இரண்டு மாதம் ஆகும். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்கிறார். கைக்குள் அடங்கும், கரண்ட் தின்னாது. கை தவறினால் அவ்வளவுதான். இரண்டு டிஸ்க் போடுகிற புதுப் பெட்டியும் இருக்கிறதாம், ஒன்று படுத்தால் மற்றது தாங்குமாம்.

எனக்கு எதுவும் வேண்டாம். டிவியில் குட்டியின் பெயரை அழுத்தினால் ‘தொடர்ந்து பார்க்க’ என்று பதினொரு படம் வருகிறது. ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு, அவள் நிறுத்திய இடம் வரைக்கும். எதையும் முழுசாகப் பார்த்ததில்லை அவள். பாதியில் எழுந்து, “மீதி அப்புறம்மா” என்று போய்விடுவாள். படத்தை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அவள் எந்த நிமிடத்தில் எழுந்து போனாள் என்பது இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

மாற்றவே விடமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சண்டை. “நின்னு போச்சுன்னா எல்லாமே போயிடும்மா” என்றார். “போகட்டும். நீங்க தொடாதீங்க” என்று கத்தினேன். தேவையில்லாமல் கத்தினேன். உங்களுக்கு எல்லாமே மெஷின்தானா என்றும் கேட்டுவிட்டேன்.

மின்விசிறியைக் கழற்றுவதற்குக்கூட எந்த ஒயர் எங்கே என்று நோட்டில் எழுதிக்கொள்கிற மனுஷன். என்னோடு சண்டை போட மட்டும் ஒரு வார்த்தை கிடைக்காது. சாயங்காலம் முழுக்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மார்ச் 13, வியாழன்

பெட்டியில் சத்தமே இல்லை.

மார்ச் 15, சனி

கடைக்காரர் பிரித்துப் பார்த்தார். படங்கள் தனி டிஸ்க்கில் இருந்ததால் பிழைத்தன. கோடுகள் இருந்தது இன்னொன்றில். செத்தது அது.

“முன்னாடியே கொண்டு வந்திருந்தா அதையும் எடுத்திருக்கலாம்மா.”

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை. “ரெண்டு டிஸ்க் பெட்டியே குடுங்க” என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

நான்தான் தொலைத்தேன். காப்பாத்துறேன் காப்பாத்துறேன்னு நானே — ஏன் அப்படிப் பிடிவாதம் பிடிச்சேன்? யாரைக் கேட்டு? வேலையில் இன்று ஒரு குழாய்க்குப் பெயர் மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, அனுப்புவதற்குள் கண்ணில் பட்டது.

மார்ச் 23, ஞாயிறு

புதுப் பெட்டியை மாட்டிவிட்டார். டிவியில் குட்டியின் பெயரையும் போட்டார். உள்ளே ஒரு கோடுகூட இல்லை. அணைத்துவிடச் சொன்னேன்.

பையிலிருந்து வேலை நோட்டை எடுத்தார். லிப்ட் கணக்குகளுக்கு நடுவே ஒரு பக்கம். பதினொரு படத்தின் பெயர், எதிரே நிமிடம், நொடி. மேலே தேதி மார்ச் 9.

“பிரிக்கிறதுக்கு முன்னாடி எது எப்படி இருந்துச்சுன்னு எழுதிக்கணும்ல” என்றார். இவரைத்தான் கல்நெஞ்சு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு படமாகப் போட்டு, ஓட்டி, அதே நொடியில் நிறுத்தினார். மதியம் முழுக்க. பத்துக் கோடு வந்துவிட்டது. கடைசிப் படத்துக்கு ரிமோட்டை என்னிடம் நீட்டினார். “நீ நிறுத்தும்மா. நாப்பத்தொண்ணு, பன்னெண்டு.”

நிறுத்தினேன். ஒரு பெண் கதவைத் திறக்கப் போகிறாள், அப்படியே நிற்கிறாள். குட்டி கடைசியாகப் பார்த்தது இதைத்தான். இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டு அழுதார். ஏழு மாதத்தில் இன்றுதான்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “மீதியப் பாப்போமா?” என்றார்.

“மீதி அப்புறங்க” என்றேன்.