கினிப்பன்றிக்கு விட்ட கண் மருந்து

ஜனனி அப்பாவுக்கு,

போனை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறீர்கள், அதனால் எழுதி வைக்கிறேன். நம் கினிப்பன்றி பணியாரத்தைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போகிறேன். அதன் இடது கண் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. கொத்தமல்லித் தழையை மூக்கருகே நீட்டியும் வாயைத் திறக்கவில்லை.

அங்கே இருக்கும் கால்நடை டாக்டரிடம் போனில் பேசி, நேற்று நீங்கள் அதன் கண்ணில் விட்ட சொட்டு மருந்தின் பெயரைச் சொன்னேன். "வைக்கோல் குத்தியிருக்கும்ங்க. கண்ணுல புண்ணு இருந்தா அந்த மருந்து புண்ண ஆழமாக்கிரும். இனிமே ஒரு சொட்டுகூட விடாதீங்க, ஒடனே கொண்டு வாங்க" என்றார். உங்கள் அண்ணன் கண் ஆபரேஷனுக்கு வாங்கிய மருந்து அது. நேற்றே தடுத்தேன். "கண்ணுன்னா எல்லாங் கண்ணுதான்" என்று என் மேல் பாய்ந்தீர்கள்.

சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கூண்டில் இருக்கிற வைக்கோலை அள்ளிவிட்டுப் பழைய துண்டை விரியுங்கள். இன்னொரு குட்டி சீயம் துணையில்லாமல் கத்தும், பக்கத்தில் உட்காருங்கள். அதைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஜனனி ஸ்கூலிலிருந்து வந்து கேட்டால், பணியாரத்துக்குக் கண் போய்விடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மறந்துவிட்டேன். காலையில் ஸ்கூல் வேனில் ஏறும்போது ஜனனி சொன்னாள்: "அப்பா மொதல்ல தன் கண்ணுல விட்டுக்கிட்டு, எரியலைன்னு பாத்துட்டுத்தாம்மா பணியாரத்துக்கு விட்டாங்க."

நேற்று நான் அவ்வளவு கத்தியபோது இதைச் சொல்ல வாய் வரவில்லையா? கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிடுங்கள். பயமாக இருக்கிறது.