கால் சரியாகாத ராணி

அக்கா,

பதிப்பாளர் அனுப்பிய பார்சல் இன்று காலை வந்தது. என் நாவலின் புதிய பதிப்பு. அட்டையில், அதை வைத்து எடுத்த சினிமாவின் காட்சி: இளவரசி மின்னி முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அரியணைப் படியில் நிற்கிறாள். உள்ளே, கடைசி அத்தியாயத்தில், அதே மின்னி ஓடுகிறாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கதையை முதலில் படித்தவள் நீதான். ஓடைப்பட்டியில் நம் உரக்கடையில் உட்கார்ந்து படித்தாய். திராட்சைக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாய். அவர்கள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாய். மேகமலைக்கு அடியில் ஒரு நாடு, பேசும் பறவைகளின் படை, ஒரு கால் சூம்பிய இளவரசி. சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிப்போன உன் காலைத்தான் அவளுக்கு வைத்திருந்தேன். நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

முடிவில் மின்னி மலைச்சுனையில் இறங்குகிறாள், கால் நேராகிறது, படிகளில் ஓடி ஏறி முடிசூடுகிறாள். உனக்கு நான் தரும் பரிசு என்று நினைத்திருந்தேன். நீ தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "ஏன்டா, கால் சரியானாத்தான் அவ ராணியா?" என்றாய்.

"மாயக்கதைன்னா நடக்காதது நடக்கணும்க்கா."

"அப்ப நொண்டிப் பிள்ள நொண்டிக்கிட்டே ராணியாகட்டும். அதத்தான்டா இங்கன யாரும் பாத்ததில்ல."

நான் சிரித்தேன். வாசகர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றேன். புத்தகம் வந்தபோது, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "என் தம்பி எழுதுனது" என்று காட்டினாய். கடைசி அத்தியாயத்தைப் பற்றி மட்டும் பிறகு நீ வாய் திறக்கவே இல்லை. படமாகப்போகிறது என்ற செய்தி வருவதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இயக்குநர் திரைக்கதையைக் கொடுத்தபோது அதில் பறவைப் படையே இல்லை. நான் பல பக்கங்கள் எழுதியிருந்த பாதாள ஆறு ஒரு பாட்டுக்குள் சுருங்கியிருந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மின்னி நொண்டியபடியே முடிசூடுவதாக முடிவை மாற்றியிருந்ததைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"சார், முதல் அத்தியாயத்துல அவ நடையை எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க! அதைக் கடைசியில எதுக்குப் பிடுங்கணும்?" என்றார் அவர்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சினிமாக்காரர்களுக்கு இலக்கியம் புரியாது என்று பேட்டிகளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் தேனியில் படம் பார்த்தேன். பறவைகள் இல்லாத வானம் வெறுமையாகத்தான் இருந்தது. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. கடைசிக் காட்சியில் இசை நின்றது. மின்னி முழங்காலில் கையூன்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். சபை முழுவதும் அவளுக்காகக் காத்திருந்தது. உன்னைப் பார்த்தே இராத ஒரு நடிகை, நீ கடைப்படி ஏறுவதுபோலவே ஏறினாள். நான் எழுதியதைப் படித்துத்தான் பழகியிருப்பாள். உன் நடையை அவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்த எனக்கு, அந்த நடையோடு உன்னை அரியணையில் உட்காரவைக்கத் தோன்றவில்லை. இருட்டிலும் முகம் சுட்டது.

வெளியே வந்ததும், காலில் காலிப்பர் என்னும் இரும்புத் தாங்கி மாட்டிய ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினாள்.

"நீங்கதான சார் கதை எழுதுனது? கடைசியில அவளுக்குக் கால் சரியாயிருமோன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நல்லவேளை, நீங்க அப்படிச் செய்யல."

நன்றி என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். முடியவில்லை.

"அந்த முடிவு என்னோடது இல்லம்மா. புத்தகத்துல சரியாயிரும்."

அவள் முகம் மாறியது. "படிச்சவுக யாரும் ஒண்ணும் சொல்லலையா சார்?"

"எங்க அக்கா சொன்னாக. நாந்தான் கேக்கல. அவுகளுக்கும் கால் இப்படித்தான்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அவுக படம் பாத்துட்டாகளா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவள் கணவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கட்டாயம் கூட்டிட்டு வந்து காட்டுங்க சார்" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன், அக்கா. நீ இல்லை என்பதைச் சொல்லக்கூட எனக்கு முகமில்லை. அந்தத் தலையாட்டலைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.